பந்தலுக்கு மேலே நாலு செயற்கைக்கோள்

எண்பதுகளின் பிற்பகுதியில் ஒரு வருஷம், பொங்கல் கழிந்ததிலிருந்து கோடை தொடங்கும்வரை, செஞ்சியில் ஒரு மொட்டை மாடியில் காக்கை விரட்டிச் சம்பளம் வாங்கினேன். அலுவலகக் கோப்பில் அந்த வேலைக்குத் 'தரைநிலையப் பொறுப்பாளர்' என்று பெயர். ஊரில் என் அம்மா அக்கம்பக்கத்தில் "ராக்கெட் ஆபீஸ்ல இருக்கான்" என்று சொல்லிவைத்திருந்தாள். இரண்டுக்கும் நடுவில் எங்கோ உண்மை இருந்தது.

தரைநிலையம் என்றால் பெரிதாக எதுவும் நினைத்துக்கொள்ள வேண்டாம். முக்காலி ஒன்று. அதன் தலையில், கவிழ்த்துவைத்த சோற்றுத் தட்டைப் போல, காக்கை உட்கார்ந்தால் வேலை கெட்டுப்போகும் ஒரு ஆன்டெனா. அதிலிருந்து கேபிள் இறங்கி ஒரு சூட்கேஸ் அளவு ரிசீவருக்குப் போகும். இரண்டு லாரி பேட்டரி. ஒரு பெரிய கறுப்புக் குடை. குடை எனக்கில்லை, ரிசீவருக்கு. சூடு ஏறினால் அது வேலை செய்யாது. நான் செய்வேன் என்று மேலிடம் நம்பியது.

நாங்கள் பெங்களூரிலிருந்து வந்த சின்னக் குழு. விமானத்தில் 'இப்போது நீ எங்கே இருக்கிறாய்' என்று விமானிக்குச் சொல்லும் பெட்டி ஒன்று இருக்கும். வெளியே எதையும் பார்க்காமல், எவரிடமும் கேட்காமல், தான் புறப்பட்ட இடத்தையும் அதன் பிறகு நேர்ந்த ஒவ்வொரு அசைவையும் வைத்துக் கணக்குப் போட்டே சொல்லும். கண்ணைக் கட்டிக்கொண்டு வீட்டிலிருந்து சந்தைக்கு நடப்பது மாதிரி. அது சொல்வது சரியா என்று எப்படிச் சோதிப்பது? முன்பெல்லாம் விமானி ஒரு கோபுரத்துக்கோ பாலத்துக்கோ நேர் மேலே வரும்போது பொத்தானை அழுத்துவார். கீழே கேமரா வைத்துப் படம் எடுப்பார்கள். மேகம் வந்தால் அன்றைக்கு லீவு. அப்போதுதான் அமெரிக்கர்களின் செயற்கைக்கோள்கள் இடம் சொல்ல ஆரம்பித்திருந்தன.

அதன் தந்திரம் எனக்கு மிகவும் பிடிக்கும். விமானத்தில் ஒரு ரிசீவர், தரையில் ஒரு ரிசீவர். தரையில் இருப்பவனுக்குத் தான் இருக்கும் இடம் நிச்சயமாகத் தெரியும். ஆகவே வானத்துக்காரர்கள் இந்த நிமிஷம் எவ்வளவு பொய் சொல்கிறார்கள் என்பதும் தெரியும். அதே பொய்யைத்தான் மேலே பறப்பவனிடமும் சொல்லியிருப்பார்கள். கழித்துவிட்டால் மிச்சம் உண்மை. இதைவிடக் கறாரான உண்மை தேடும் முறையை எந்தத் தத்துவப் புத்தகத்திலும் நான் படித்ததில்லை. அந்த மாடியில் உட்கார்ந்து நிறையவே படித்தேன்.

ஒரு சிக்கல். அப்போது செயற்கைக்கோள்கள் மொத்தமே கொஞ்சம்தான். இடம் சொல்லக் குறைந்தது நாலு ஒரே நேரத்தில் தெரிய வேண்டும். செஞ்சி வானத்தில் அவை நாலும் கூடுவது நாளைக்குச் சில மணி நேரம் மட்டும். அந்த நேரமும் தினமும் நாலு நிமிஷம் முன்னதாக வந்துவிடும். நான் போன புதிதில் சாயங்கால டீக்குப் பிறகு வந்துகொண்டிருந்தவை மாசி பிறந்தபோது மத்தியானத்துக்கு வந்துவிட்டன, பங்குனியில் முற்பகலுக்கு.

முதலில் மலை மேல்தான் வைத்தோம். கோட்டை மலை உச்சியில், நில அளவைக்காரர்கள் வெள்ளைக்காரன் காலத்திலேயே ஒரு பாறையில் குறி செதுக்கிவைத்திருந்தார்கள். பூமியில் அந்தக் குறி எங்கே இருக்கிறது என்பது எண்களாகத் துல்லியமாகத் தெரியும். கடலோரத்துச் சின்ன விமானத்தளத்திலிருந்து எங்கள் விமானம் பத்து நிமிஷத்தில் செஞ்சிக்கு மேலே வந்துவிடும். இதைவிட நல்ல இடம் கிடைக்காது என்று பெங்களூரில் தீர்மானித்தார்கள். பெங்களூரில் தீர்மானித்தவர்கள் யாரும் அந்தப் படிகளை ஏறியதில்லை. குரங்குகளோடு பழக்கமும் கிடையாது. முதல் நாளே ஒரு பெரிய குரங்கு வந்து ஆன்டெனாவின் மேல் உட்கார்ந்தது. நாலில் மூன்று செயற்கைக்கோள்கள் மறைந்துபோயின. குரங்கு எழுந்துபோகும்போது கேபிளையும் எடுத்துக்கொண்டு போனது.

எனவே கீழே ஊருக்குள் இறங்கினோம். மசூதித் தெருவில் மல்லாட்டை மண்டி வைத்திருக்கும் பாய் ஒருவரின் மொட்டை மாடி அகப்பட்டது. நிலக்கடலையை அந்தப் பக்கம் மல்லாட்டை என்பார்கள். சுற்றிலும் மரம் இல்லை, உயரமான கட்டடம் இல்லை. நில அளவைக்காரர்கள் வந்து மலைக் குறியிலிருந்து தியோடலைட் என்ற அளவைத் தொலைநோக்கி வைத்து அளந்து அளந்து இறங்கி, மாடித் தரையில் ஒரு பித்தளை ஆணி அடித்து, அதன் எண்களை எழுதிக் கொடுத்துவிட்டுப் போனார்கள்.

பாய் மாடியைக் கொடுக்கும் முன்னால் ஒரே ஒரு கேள்விதான் கேட்டார்.

"மாடி குடுக்கறதுல ஒண்ணும் இல்ல சார். மேல நின்னா பக்கத்து வூட்டுக் கொல்லை தெரியும். பொம்பளைங்க பொழங்கற எடம். நீங்க எந்தப் பக்கம் பாப்பீங்க?"

"வானத்தைத்தான் பாய்."

"எல்லாரும் அதான் சொல்றாங்க" என்றவர், என் நாற்காலியை மலைப்பக்கமாகத் திருப்பிவைத்துவிட்டு இறங்கினார். அடுத்த சில மாதங்கள் நான் கோட்டையைப் பார்த்த அளவுக்கு அதை முற்றுகையிட்டவர்கள்கூடப் பார்த்திருக்க மாட்டார்கள்.

தினமும் நாலு நிமிஷம் முன்னதாக வரும் சங்கதியை விளக்க எனக்குப் பயமாக இருந்தது. என் சொந்த அலுவலகக் கணக்குப் பிரிவுக்கே அதை விளக்கித் தோற்றிருந்தேன். வேலை நேரம் தினமும் மாறும் என்றால் அவர்கள் என்னைத்தான் சந்தேகப்பட்டார்கள். பாய் அலட்டிக்கொள்ளவில்லை.

"தொழுகை நேரம்கூட தினம் கொஞ்சம் கொஞ்சமா மாறிக்கினேதான் இருக்குது. அது சூரியன் கணக்கு. இது உங்க ஆளுங்க கணக்கு. எழுதிக் குடுங்க."

எழுதிக் கொடுத்தேன். கூடத்துச் சுவரில் தொழுகை நேர அட்டைக்குப் பக்கத்தில் என் தாளும் தொங்கியது. அதன்பின் அந்த வீட்டில் எனக்கு வேளை தவறி டீ வந்ததே இல்லை. "உங்க ஆளுங்க வந்துட்டாங்களா சார்?" என்று படியில் நின்று கேட்டுவிட்டு, வந்துவிட்டார்கள் என்றால் பாய் சத்தம் போடாமல் இறங்கிவிடுவார். விருந்தாளிகள் வந்திருக்கும் வீட்டில் நடந்துகொள்வது போல.

இனி பெட்டி. அதை உருவாக்கியவர் எங்கள் குழுத் தலைவி. எல்லோருக்கும் மேடம். நாற்பதைத் தாண்டியவர்; பல வருஷங்களை அந்தப் பெட்டிக்குள் போட்டு மூடித் திருகாணி முடுக்கியிருந்தார். வெளிநாட்டிலிருந்து வாங்கிவிடலாம் என்று சொன்ன கமிட்டியிடம், நாமே செய்ய முடியும் என்று நின்று வாதாடி ஜெயித்தவர். ஜெயித்தவர்களைக் கமிட்டிகள் மறப்பதில்லை.

மாசியில் விமானம் இரண்டு முறை செஞ்சிக்கு மேலே பறந்தது. குறுக்கும் நெடுக்குமாக, கோட்டையைச் சுற்றி, வல்லம் பக்கம் போய்த் திரும்பி. இரண்டு முறையும் விடை ஒன்றுதான். மேடத்தின் பெட்டி விமானத்தை அது உண்மையில் இருந்த இடத்திலிருந்து வடமேற்கே ஏறக்குறைய ஒரு ஃபர்லாங், அதாவது இருநூறு மீட்டர், தள்ளிக் காட்டியது. பத்து நிமிஷப் பயணத்துக்கு ஒரு ஃபர்லாங் தவறு என்பது, திண்டிவனம் போகிறேன் என்று கிளம்பியவன் பஸ் ஸ்டாண்டு என்று நினைத்துப் பக்கத்துத் தெருக் குளத்தில் இறங்குவதற்குச் சமம்.

கமிட்டி முடிவாகச் சொல்லிவிட்டது. மார்ச் முடிவதற்குள் இன்னும் ஒரே ஒரு தடவை பறக்கலாம். அதிலும் இப்படித்தான் என்றால் பெட்டியைக் கழற்றிக் கிடங்குக்கு அனுப்பிவிட்டு வெளிநாட்டுப் பெட்டிக்கு ஆர்டர் போட்டுவிடுவார்கள். கழற்றும் தேதி உட்படக் கடிதத்தில் இருந்தது: கடைசிப் பறத்தலுக்கு மறுநாள். அரசாங்கத்தில் இவ்வளவு வேகமான திட்டமிடலை அதற்கு முன்னும் பின்னும் நான் கண்டதில்லை.

அந்தக் கடைசிப் பறத்தலுக்கு மேடமே செஞ்சிக்கு வந்தார். தையல் மிஷின் கனத்தில் ஒரு கம்ப்யூட்டரை ஜீப்பில் கொண்டுவந்தார். மாடிக்கு வந்து பித்தளை ஆணியைக் குனிந்து பார்த்தார். பிறகு கைப்பிடிச் சுவரில் சாய்ந்துகொண்டார்.

"தப்புப் பண்ற பெட்டி நேரம் ஆக ஆக அதிகமா தப்புப் பண்ணணும். அதுதான் இந்த ஜாதிப் பெட்டியோட குணம். என்னுது முதல் நிமிஷத்துலேர்ந்து கடைசி நிமிஷம் வரைக்கும் ஒரே தப்பைப் பண்றது. எப்படிங்க?"

"பிடிவாதமா இருக்குமோ?"

"என்கிட்ட வளர்ந்ததுதானே" என்றார், சிரிக்காமல்.

கணக்கு, வயர், விமானத்து ரிசீவர் என்று எல்லாவற்றையும் சந்தேகப்பட்டோம். தரையை மட்டும் யாரும் சந்தேகப்படவில்லை. ஒரு நூற்றாண்டுக்கு மேல் நகராமல் இருந்த கல்லிலிருந்து வந்த எண் அது. எங்கள் தொழிலில் கல் என்றால் கடவுளுக்கு அடுத்தபடி.

அப்போதுதான் விமானத்தின் டயர் ஒன்று சிரமம் கொடுத்தது. மாற்று டயர் வந்து சேர்வதற்குள் எங்கள் தேதி தள்ளிப்போய்க் கடைசியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை முற்பகலில் போய் நின்றது. கூடத்துச் சுவரில் தொங்கிய என் தாளை நான் எடுத்துப் பார்க்கும்போதே பாய் பின்னால் வந்து நின்றார்.

"ஞாயித்துக்கெழமையா சார்?"

"ஆமாம் பாய்."

"அன்னிக்குத்தான் நம்ம பொண்ணு நிக்காஹ்."

எனக்குத் தெரியும். அழைப்பிதழ் என் துணிப்பையிலேயே இருந்தது. நிக்காஹ் நேரமும் நாலு செயற்கைக்கோள்கள் கூடும் நேரமும் ஏறத்தாழ ஒன்றாக இருந்தன. மாடி முழுக்கப் பந்தல். மாப்பிள்ளை வீட்டார் ஆரணியிலிருந்து இரண்டு பஸ்ஸில் வருகிறார்கள். நோன்பு மாதம் நெருங்கிக்கொண்டிருந்ததால் தேதியைத் தள்ளவும் முடியாது. எங்களுக்கோ மார்ச் முடிந்துகொண்டிருந்தது. சந்திரன் கணக்கும் சர்க்கார் கணக்கும் செயற்கைக்கோள் கணக்கும் மூன்றும் அந்த மாடியில் வந்து மோதிக்கொண்டன.

பாய் படிக்கட்டில் குந்திவிட்டார்.

"மாடி உங்களுதுன்னு நான் வாக்கு குடுத்துட்டேன். வாக்கு வாக்குதான். ஆனா பொண்ணு என்னுது சார். இன்னா பண்றது?"

பந்தல்காரர் அங்கேயே நின்றுகொண்டிருந்தார். பக்கத்துக் கிராமத்து வேதக்காரர். மாதா கோயில் திருவிழாக்களுக்கெல்லாம் அவர் பந்தல்தான். கழுத்தில் சிலுவையும் காதில் பென்சிலுமாக, தொழில்நுட்ப ஆலோசனை சொல்ல முன்வந்தார்.

"இதுக்குப் போயி இன்னாத்துக்கு பாய் டென்ஷன்? நடுவுல ஒரு ஓட்டை வுட்டுடறேன். கோயில் பந்தல்ல கொடிமரத்துக்கு அப்படித்தான் வுடுவோம்."

"நாலும் ஒரே ஓட்டை வழியாத் தெரியாதுங்க" என்றேன். "நாலும் நாலு பக்கம் இருக்கும்."

"அப்ப நாலு ஓட்டை."

"அதுங்க நகந்துகிட்டே இருக்குமே."

பந்தல்காரர் காதிலிருந்து பென்சிலை எடுத்துத் தலையைச் சொறிந்தார். "சார், நீங்க கேக்கறது பந்தல் இல்ல. சல்லடை."

படியின் கீழ்த்திருப்பத்திலிருந்து ஒரு குரல் வந்தது. கல்யாணப்பெண். அவ்வளவு நாளில் அந்தப் பெண்ணின் குரலை அன்றுதான் கேட்டேன்.

"அத்தா, அவங்களைக் களத்துக்கு அனுப்புங்களேன். அங்க மேல ஒண்ணுமே இல்ல. கீழ மல்லாட்டைதான்."

பாய்க்கு ஊர் எல்லையில், வல்லம் போகும் ரோட்டோரம், மண்டியும் அதையொட்டிப் பெரிய சிமெண்டுக் களமும் இருந்தன. அவர் முகம் தெளிந்துவிட்டது. என் முகம் தெளியவில்லை. களத்துக்கு வானம் இருந்தது, எண் இல்லை. தரையில் இருப்பவனுக்குத் தன் இடம் நிச்சயமாகத் தெரிந்திருக்க வேண்டும் என்பதுதானே எங்கள் வேதம்? நில அளவைக்காரர்களோ வேறு மாவட்டத்துக்குப் போய்விட்டார்கள்.

மாடியில் என் நாற்காலியில் உட்கார்ந்து இதையெல்லாம் கேட்டுக்கொண்டிருந்த மேடம் மலையைப் பார்த்தபடியே வழி சொன்னார். அந்த நாற்காலி யாரையும் அப்படித்தான் பார்க்கவைக்கும்.

"இன்னிக்கே களத்துல வைங்க. ஞாயித்துக்கிழமை வரைக்கும் அந்த ரிசீவரே தினமும் தன் இடத்தைக் கணக்குப் பண்ணட்டும். எல்லாத்துக்கும் சராசரி எடுப்போம். பத்து இருபது மீட்டர் தப்பு வரும். வரட்டும். ஃபர்லாங் கணக்குல மூழ்கறவங்க மீட்டர் கணக்குல அழக்கூடாது."

"கமிட்டி கேட்டா?"

"கல்யாணம்னு சொல்லுங்க. அவங்க வீட்டுலயும் பொண்ணு இருக்கும்."

அன்று மாலையே முக்காலியும் பேட்டரியும் குடையும் மாட்டு வண்டியில் களத்துக்குப் போயின. நானும் கூடவே போனேன். காயப்போட்ட மல்லாட்டைக்கு நடுவில் ஒரு வட்டம் ஒதுக்கிக் கொடுத்தார்கள். மண்டியில் கடலை புடைக்கும் பெண்கள் என்னைப் பார்த்து ஒரு முடிவுக்கு வந்தார்கள்.

"காக்கா ஓட்ட பெங்களூர்லேர்ந்தா ஆளு இட்டாந்தாரு நம்ம பாய்?"

"குடை எவ்ளோ பெருசு பாரு. ஆனா அத்த புடிச்சினு இல்ல பாரு, வெயில்ல குந்திக்கினு இருக்குது."

"படிச்ச புள்ள போல."

கடைசி வாக்கியம் பாராட்டா, காரணமா என்று எனக்கு இன்றுவரை தெரியாது.

ஞாயிற்றுக்கிழமை நாலு செயற்கைக்கோள்களும் சொன்ன நேரத்துக்கு வந்தன. ஆரணி பஸ்கள்தான் தாமதம். மேடமும் நானும் களத்தில். மசூதித் தெருப் பக்கமிருந்து தம் பிரியாணி வாசனை ஊரையே தாண்டி வந்தது. மேடம் எதையும் தொட்டுக்கூடப் பார்க்கவில்லை. பறத்தல் நாட்களில் அவர் வெறும் தண்ணீர்தான். ரிசீவரின் சின்ன விளக்குகள் நாலும் எரிகின்றனவா என்று பார்ப்பதும், வாக்கிடாக்கியைக் காதில் வைப்பதுமாக இருந்தார்.

விமானம் கிழக்கிலிருந்து வந்தது. தாழப் பறந்தது. கோட்டையைச் சுற்றி, மசூதித் தெருவுக்கு மேலே போய், வல்லம் பக்கம் திரும்பி, மறுபடியும் மசூதித் தெருவுக்கு மேலே வந்தது. இப்படியே பல தடவை. பறக்கும் கோடுகள் பழைய மாடியை மையமாக வைத்துப் போட்டவை. மாடி காலியானதை விமானிக்குச் சொல்லி அந்தக் கோடுகளை மாற்ற யாருக்கும் நேரம் இருக்கவில்லை.

அங்கே பந்தலுக்குள் நடந்ததைப் பிறகு பாய் சொல்லித்தான் தெரியும். நிக்காஹ் நடத்திவைக்கும் ஹஜரத் ஓதி முடிக்கும் நேரத்தில் விமானம் மேலே போயிருக்கிறது. மாப்பிள்ளையின் பெரியப்பா அண்ணாந்து, "இன்னா பாய் இது, ஏரோப்ளேன்லாம் ஏற்பாடு பண்ணிக்கிறீங்க?" என்று கேட்டிருக்கிறார்.

"நீங்க இன்னா சொன்னீங்க பாய்?"

"நான் ஒண்ணும் சொல்லல சார். சிரிச்சேன். பொய் சொல்லக் கூடாது இல்ல?"

மத்தியானம் நாலில் ஒன்று மலைக்குப் பின்னால் இறங்கியது. விமானமும் திரும்பிப் போனது. கொஞ்ச நேரத்தில், தொப்பியும் புதுச் சட்டையுமாக, மணப்பெண்ணின் தகப்பனாரே ஒரு பெரிய தூக்குவாளியோடு களத்துக்கு வந்துவிட்டார். நான் என் பங்கைச் சாப்பிட்டேன். பிறகு மேடத்தின் பங்கையும் சாப்பிட்டேன். மேடம் அப்போதும் தண்ணீர்தான். பதிவு நாடா வரும்வரை தொண்டையில் எதுவும் இறங்காது என்றார்.

விமானத்தின் நாடா மறுநாள் காலை ஜீப்பில் வந்தது. மேடம் தங்கியிருந்த லாட்ஜில் கரண்ட் போய்ப் போய் வந்துகொண்டிருந்ததால் பாயின் மண்டியில், எடைக்கல்லுக்கும் டெலிபோனுக்கும் நடுவில், கம்ப்யூட்டரை வைத்தோம். அது ஒரு எண்ணைக் கணக்கிட்டு இன்னொன்றுக்குப் போவதற்குள் இரண்டு மூட்டை எடை போட்டுவிடலாம். மண்டியில் போட்டார்கள்.

முதல் வரிசை வந்தது. மேடம் பார்த்தார். அடுத்தது வந்தது. ஃபர்லாங்கைக் காணோம். பெட்டி சொன்ன இடத்துக்கும் விமானம் இருந்த இடத்துக்கும் நடுவில் இருந்த தூரம் பாயின் களத்துக்குள் அடங்கிவிட்டது.

நான் கை தட்டியிருப்பேன். மேடத்தின் முகம் அதைத் தடுத்தது. கெட்ட விடையைவிட நல்ல விடையை அதிகம் சந்தேகப்படுகிறவர் அவர்.

"நீங்க என்ன பண்ணினீங்க?"

"ஒண்ணும் பண்ணலை மேடம். மல்லாட்டைக்கு நடுவுல உக்காந்திருந்தேன்."

"பெட்டி அதே பெட்டி. விமானம் அதே விமானம். மாறினது என்ன?" என்று தன்னையே கேட்டுக்கொண்டு கடிகாரத்தைப் பார்த்தார். "இன்னிக்கு எப்ப வர்றது நாலும்?"

நான் வாயைத் திறப்பதற்குள் பாய் தராசுக்குப் பின்னாலிருந்து சொன்னார்: "நேத்தையவிட நாலு நிமிஷம் முந்தி. இன்னும் கொஞ்ச நேரத்துல வந்துடுவாங்க."

"மாடிக்குப் போங்க. ஓடுங்க."

ஓடினேன். பின்னால் வண்டியில் பேட்டரி வந்தது. பந்தல்காரர் கீற்றுகளைப் பாதி இறக்கியிருந்தார். மிச்சத்தையும் இறக்கச் சொல்லிக் கெஞ்சினேன். "நேத்தே பந்தல் வேணாம்னு சொல்லியிருந்தா நானும் பிரியாணி துன்னுட்டுத் தூங்கியிருப்பேன்" என்று சொல்லிக்கொண்டே இறக்கினார். வாழைத்தோலும் பூவும் கிடந்த மாடியில் பித்தளை ஆணியைத் தேடிப்பிடித்து, அதற்கு நேர் மேலே ஆன்டெனாவை வைத்தேன். இந்தத் தடவை நான் அதற்கு எந்த எண்ணும் கொடுக்கவில்லை. 'நீயே சொல்' என்று விட்டுவிட்டேன்.

அது சொன்னது. ரிசீவர் சொன்ன இடமும், நில அளவைக்காரர்கள் எழுதிக் கொடுத்த இடமும் வேறு வேறு. வித்தியாசம் ஏறக்குறைய ஒரு ஃபர்லாங். வடமேற்கே.

மேடம் மாடிப்படியை இரண்டிரண்டாக ஏறி வந்தார். தாளைப் பார்த்தார். பிறகு கைப்பிடிச் சுவரில் உட்கார்ந்து சிரிக்க ஆரம்பித்தார். பந்தல்காரர் பயந்து, கையிலிருந்த கயிற்றை விட்டுவிட்டார்.

விஷயம் இதுதான். பூமி உருண்டை என்றாலும் சரியான உருண்டை அல்ல. அந்தக் கால நில அளவைக்காரர்கள் நம் நாட்டுக்குப் பொருந்துகிற மாதிரி ஒரு பூமியைக் கணக்கில் தைத்துக்கொண்டார்கள். அது இந்த இடத்துக்குக் கச்சிதமான சட்டை. செயற்கைக்கோள்காரர்கள் உலகம் முழுவதற்கும் ஒரே சட்டை தைத்திருந்தார்கள். ஒரே ஆணிக்கு இரண்டு சட்டையிலும் எண் உண்டு, இரண்டும் சரி, ஆனால் ஒன்று அல்ல. விமானத்தளத்தில் பெட்டி புறப்படும் இடத்தை முந்தின வருஷம் வந்த வெளிநாட்டு நிபுணர்கள் செயற்கைக்கோளை வைத்தே அளந்து கொடுத்திருந்தார்கள். ஆக மேடத்தின் பெட்டி ஒரு பூமியில் புறப்பட்டிருக்கிறது; நாங்கள் அதை வேறொரு பூமியில் நின்று அளந்திருக்கிறோம். களத்தில் எங்களிடம் பழைய எண் இல்லாமல் போனதால்தான் இரண்டு பேரும் ஒரே பூமியில் சந்தித்தோம்.

இதில் இன்னொரு அழகு. நாடா மிச்சப்படுத்துவதற்காக விமானம் மேலே கிளம்பிய பிறகுதான் பதிவை ஓட விடுவது எங்கள் வழக்கம். நிற்கும்போதே ஓட விட்டிருந்தால், முதல் நாளே அந்த விமானம் தான் நிற்கும் இடத்திலிருந்து ஒரு ஃபர்லாங் தள்ளி, பக்கத்துச் சவுக்குத் தோப்புக்குள் நிற்பதாகச் சொல்லிக் காட்டிக்கொடுத்திருக்கும். இரண்டு மீட்டிங்கில், பத்து பதினைந்து பேர் கையெழுத்துப் போட்டு ஒப்புக்கொண்ட முறை அது. ஆகவே யாருடைய தவறும் அல்ல. அரசாங்கத்தில் இதற்குக் கூட்டுப் பொறுப்பு என்று பெயர்.

மேடத்தின் சிரிப்பு பாதியில் நின்றது.

"இன்னிக்குத் திங்கட்கிழமை."

"ஆமாம்."

"கழட்ட வந்திருப்பாங்க."

மறுபடி மண்டிக்கு ஓட்டம். டிரங்க் கால் போட்டோம். அந்த நாளில் செஞ்சியிலிருந்து கடலோரத்துக்கு டெலிபோனில் பேசுவது விமானத்தில் போய்ச் சொல்வதைவிடத் தாமதம். லைன் வரும்வரை மேடம் டெலிபோனுக்கு முன்னால் ஸ்டூலில் அசையாமல் உட்கார்ந்திருந்தார். பாய் வியாபாரத்தை நிறுத்திவிட்டார். விற்க வந்த தொண்டூர்க்காரர்கள் மூட்டைகளின் மேல் உட்கார்ந்து காத்திருந்தார்கள். என்ன விஷயம் என்று யாருக்கும் முழுதாகப் புரியவில்லை, ஆனால் ஒரு பெண்பிள்ளையின் காரியம் முடியப்போகிறதா இல்லையா என்பது எல்லோருக்கும் புரிந்திருந்தது. மணி அடித்தது.

"ஹலோ! யாரு? கழட்டிட்டீங்களா? கேக்கலை! பெட்டி! பெட்டி! எத்தனை ஸ்க்ரூ? ரெண்டா? நிறுத்துங்க! நான் சொல்றேன், நிறுத்துங்க! திருப்பி முடுக்குங்க! கழட்டாதீங்க! ஆமா! கழட்டாதீங்கன்னு சொல்றேன்!"

லைன் அறுந்தது. அதற்குள் அந்தப் பக்கம் கேட்டதா என்று தெரியாமல் மேடம் போன் ரிசீவரைக் கையில் பிடித்தபடியே இருந்தார். கடலை புடைக்கும் பெண்களில் ஒருத்தி சொன்னாள்: "கவலப்படாதம்மா. நீ போட்ட கூச்சலுக்கு போனே வேணாம், அங்க கேட்டிருக்கும்."

கேட்டிருந்தது. இரண்டு ஸ்க்ரூவும் திரும்ப முடுக்கப்பட்டன. பழைய இரண்டு பறத்தல்களின் எண்களையும் சரியான பூமிக்கு மாற்றிப் பார்த்தபோது பெட்டி மூன்று தடவையும் ஒழுங்காகவே இருந்தது தெரிந்தது. கமிட்டிக்கு இது புரிய இரண்டு மீட்டிங் தேவைப்பட்டது. மூன்றாவதில், இதைத்தான் நாங்களும் ஆரம்பத்திலிருந்தே நினைத்தோம் என்று குறிப்பில் எழுதிக்கொண்டார்கள். ஆர்டர் போகவில்லை. பெட்டி விமானத்திலேயே தங்கியது.

ஆனால் அதெல்லாம் பிறகு. அந்தத் திங்கட்கிழமை, டெலிபோனை வைத்த கையோடு மேடம் கேட்டது ஒன்றே ஒன்றுதான்.

"நேத்து பிரியாணி மிச்சம் இருக்கா பாய்?"

பாய் வீட்டுக்கு ஆள் அனுப்பினார். வாளியில் வந்தது கொஞ்சம் அடிப்பிடித்திருந்தது. அந்த அடியைத்தான் மேடம் கரண்டியால் சுரண்டச் சொல்லிக் கேட்டு வாங்கிச் சாப்பிட்டார். எனக்கு மிச்சம் வைக்கவில்லை. முந்தின நாளே என் கணக்கு தீர்ந்துவிட்டதாம்.

பாய் எதிரில் உட்கார்ந்து யோசனையாகக் கேட்டார்.

"சார், அப்ப என் வூடு மெய்யாலுமே எங்கதான் இருக்குது?"

"ரெண்டு இடத்துலயும் இருக்குது பாய். நீங்க எந்தச் சட்டையைப் போட்டுப் பாக்கறீங்கன்றதுதான்."

"ரெண்டு எடமா? வூட்டு வரிக்காரன் காதுல போட்டுடாதீங்க."

அந்த வாரமே மூட்டை கட்டினோம். கூடத்துச் சுவரிலிருந்து என் தாளைக் கழற்றப் போனேன். பாயின் மனைவி கதவுக்குப் பின்னாலிருந்து ஏதோ சொல்ல, பாய் என் கையைத் தடுத்தார்.

"அது கெடக்கட்டும் சார். அடுத்த மாசத்துக்கும் எழுதிக் குடுத்துட்டுப் போங்க."

"நாங்கதான் போறோமே பாய்."

"நீங்க போறீங்க. அவங்க வந்துக்கினேதானே இருப்பாங்க?"

நாற்காலியை மலைப்பக்கமாகப் போட்டுக்கொண்டு, தினமும் நாலு நிமிஷம் குறைத்து, நோன்பு மாதம் முடியும்வரைக்கும் எழுதிக் கொடுத்துவிட்டு ஜீப்பில் ஏறினேன்.